நல்ல மனசோடு நீ நீக்கிய பெயர்

முரளி,

ஞாயிற்றுக்கிழமை நான் பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு எழுந்ததற்கு வயிற்றுவலி காரணம் இல்லை. அப்படித்தான் உன்னிடம் சொன்னேன். நீயும் நம்பி, மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாய். என் வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. எனக்கு உன்னைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. பெற்ற பிள்ளைக்கு இப்படி எழுதக் கை கூசத்தான் செய்கிறது, ஆனால் வேறு சொல் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை. போனில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் எடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்கொட்டை பிதுக்கிக்கொண்டிருந்த உன் அப்பா தலையைத் தூக்காமல், "போன்ல சொன்னா 'மீட்டிங்ல இருக்கேம்மா'ன்னு வச்சிருவான். எழுதியே குடுத்துரு" என்றார். அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுசாகப் படி.

நீ சாப்பிடும்போது சொன்னதை உனக்கே ஒருமுறை திருப்பிச் சொல்கிறேன். சொன்னவனுக்குத் தன் வார்த்தை எப்படி நாறுகிறது என்று தெரிவதில்லை. அடுத்த மாதம் நீ புனேவில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்குப் போகிறாய். ஓசூர் ஃபேக்டரியில் நீ உட்கார்ந்திருக்கும் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் நாற்காலிக்கு யார் வரவேண்டும் என்று உன்னையே கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பெயர் சொல்ல வேண்டும். இதைச் சொல்லிக்கொண்டே களியை உருட்டிக் குழம்பில் தோய்த்தாய். "ரேணுகா பேரத்தாம்மா மொதல்ல வெச்சிருந்தேன். அப்பறம் நானே எடுத்துட்டேன். பாவம், கைக்கொழந்தக்காரி. என்னாத்துக்கு அவளுக்கு அந்த டென்ஷன்? பிரதீப் பேரக் குடுத்துட்டேன்" என்றாய். "அவகிட்டக் கேட்டியா?" என்றேன். "கேட்டா சரின்னுதாம்மா சொல்லுவா. அதான் கேக்கல." இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாய் பார், அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

ரேணுகாவை எனக்குத் தெரியும். சூளகிரிப் பக்கத்துப் பெண். வீட்டில் தெலுங்கு, லாரி ஏஜெண்டுகளிடம் கன்னடம், உன்னிடம் தமிழ். உன் நிச்சயதார்த்தத்துக்கு வந்தபோதுகூட மண்டபத்து மூலையில் நின்று ஏதோ ஜி.எஸ்.டி. தகராறைப் போனில் தீர்த்துவைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தகராறு உன்னுடையது, அவளுடையது இல்லை. மாப்பிள்ளை நீ மாலை போட்டு உட்கார்ந்திருந்தாய். "அவ மட்டும் இல்லன்னா மாசக் கடைசி எனக்கு நாறிரும்மா" என்று நீயே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாய். ஆடிட்டர்கள் வந்து உட்கார்ந்தால் கேள்விக்குப் பதில் சொல்ல அவளைத்தான் முன்னால் தள்ளுகிறாய். வேலை செய்வதற்கு அவளுக்குக் கைக்குழந்தை இல்லை, நாற்காலி என்று வந்ததும் மட்டும் குழந்தை முளைத்துவிடுகிறதா? த்தூ.

இதைக்கூட நான் பொறுத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் இன்னொன்று சொன்னாய். "அதுவுமில்லாம அவளுக்கு கோடவுன் பழக்கமே இல்லம்மா. வருசக் கடைசி ஸ்டாக் எடுக்கறதுக்கு ஒருதரம்கூட வந்ததில்ல. மேனேஜர்னா சரக்கு தெரிஞ்சிருக்கணும்ல." ஏன் வந்ததில்லை என்று கேட்டேன். "நான்தான் அனுப்பறதில்ல. லேடீஸ எப்பிடிம்மா அங்கல்லாம் அனுப்பறது?" அந்த இடத்தில்தான் நான் கை கழுவ எழுந்தேன். நீயே அவளை உள்ளே விடாமல் வாசலில் நிற்கவைத்தாய், பிறகு நீயே அவளுக்கு உள்ளே இருப்பது தெரியாது என்கிறாய். இதை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை போலிருக்கிறது. ஆபீஸில் ஏசி காற்று மாதிரி அதுவாகவே வந்து மேலே படிகிறது.

இந்தப் பேச்சு எனக்குப் புதிது இல்லை. நான் ஓசூரில் அக்கவுண்ட்ஸ் கிளார்க்காகச் சேர்ந்த கம்பெனியில் வருஷா வருஷம் மார்ச் கடைசி நாளில் சரக்கு எண்ணும் வேலை நடக்கும். எங்கள் கம்பெனிக்கு ஃபேக்டரியிலேயே ஒரு ஷெட், குருபரப்பள்ளியில் ஹைவே ஓரமாக ஒரு கோடவுன். காலையில் ஆண்கள் எல்லாரும் வேனில் ஏறிக் கிளம்புவார்கள். எங்கள் ரூமில் இருந்த பெண்களிடம் மேனேஜர் வந்து, "லேடீஸெல்லாம் மத்தியானமே ஊட்டுக்குக் கெளம்புங்கம்மா, பாவம், உங்களுக்கு எதுக்கு அந்த வெயிலும் புழுதியும்" என்பார். கையில் ஆளுக்கு ஒரு ஸ்வீட் பாக்கெட் வேறு. நாங்களும் "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்று பல்லைக் காட்டிவிட்டு பஸ் ஏறுவோம். மறுநாள் அவர்கள் எண்ணிக்கொண்டு வந்ததை நாங்கள் கணக்கில் ஏற்றுவோம். எதை ஏற்றுகிறோம், அது எங்கே கிடக்கிறது, துருப்பிடித்ததா, நல்லதா, ஒன்றும் தெரியாது. அந்த ரூமில் யாரும் கெட்டவர்கள் இல்லை முரளி. அதுதான் எனக்கு இன்னும் குமட்டுகிறது. ஒரு ஆள் கெட்டவனாக இருந்தால் எதிர்த்துச் சண்டை போடலாம். கையில் மைசூர்பாகைத் திணிக்கிறவனை என்ன செய்வது?

என்னோடு சேர்ந்தவள் வசந்தா. மத்தூரிலிருந்து பஸ் பிடித்து வருவாள். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. நான் கால்குலேட்டரை எடுப்பதற்குள் அவள் வாயில் விடை வந்து நிற்கும். தூரத்திலிருந்து வருகிறாளே என்று இரக்கப்பட்டு அவளைச் சில்லறைச் செலவுகள் பார்க்கும் மேஜையில் உட்காரவைத்தார்கள். டீச் செலவு, ஆட்டோச் செலவு, ஸ்டேஷனரி. சரியாக ஐந்தரைக்கு அவளை அனுப்பிவிடுவார்கள். சம்பளம் ஏறியது, பெயருக்கு முன்னால் 'சீனியர்' ஏறியது, மேஜை மட்டும் மாறவே இல்லை. அந்த மேஜையிலேயே அவளுக்கு முடி நரைத்தது, அந்த மேஜையிலிருந்தே ரிட்டயர் ஆனாள். போன மாதம் குந்தாரப்பள்ளிச் சந்தையில் பார்த்தேன். பழைய பேச்சு வந்தது. "எல்லாரும் நல்லவங்கப்பா. என்னைய ஒருநாள்கூட லேட்டாக்கினதில்ல" என்றாள். முகமெல்லாம் நன்றி. எனக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. கொத்தமல்லிக் கட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்கு அசிஸ்டெண்ட் மேனேஜர் வேலைக்கு முதல் முறை இண்டர்வியூ நடந்தபோது என்ன கேட்டார்கள் தெரியுமா? கோடவுனில் ஸ்கிராப் எந்தப் பக்கம் கிடக்கும் என்று கேட்டார்கள். என்னை மத்தியானத்தோடு வீட்டுக்கு அனுப்பிய அதே மேனேஜர்தான் கேட்டார். நான் விழித்தேன். "கணக்கெல்லாம் சூப்பரா போடறீங்க, ஆனா சரக்கே பாத்ததில்லியேம்மா" என்று வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார், அதை வேறு சொல்ல வேண்டும். வெளியே வந்ததும் ஒரு டீ வாங்கிக்கொடுத்தார்.

நான் எப்படி மேலே வந்தேன் என்று ரிட்டயர்மெண்ட் பார்ட்டியில் எல்லாரும் பேசினார்கள். விடாமுயற்சி, தன்னம்பிக்கை, பெண் சக்தி. நீயும் மைக்கைப் பிடித்து அதையே சொன்னாய். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக வந்தது. தன்னம்பிக்கை வசந்தாவுக்கு இல்லையா? மகளிர் தினத்தன்று ஆளுக்கு ஒரு ரோஜா, ஒரு கோலப்போட்டி, பெங்களூரிலிருந்து ஒரு அம்மா வந்து 'கனவு காணுங்கள்' என்று ஒரு மணி நேரம் பேச்சு, கேக் வெட்டி போட்டோ. அது முடிந்ததும் பெரியவர்கள் எல்லாம் ஒரு ஹோட்டலுக்குப் போய், யாருக்கு என்ன பதவி என்று பேசி முடித்துவிடுவார்கள். கோலம் போட்டவளுக்குக் கை அலம்பத் தண்ணீர்கூட வந்திருக்காது. அந்த ரோஜாவைப் பஸ்ஸில் வைத்துக்கொண்டு போகவே எனக்கு அசிங்கமாக இருக்கும்.

நான் மேலே வந்ததற்குக் காரணம் ஒரு சாவி என்றால் சிரிப்பாய். மஞ்சுநாத் சார் என்று புதிதாக ஒரு ஃபைனான்ஸ் ஹெட் வந்தார். கன்னடக்காரர். மகான் எல்லாம் இல்லை. கோபம் வந்தால் ஃபைலைத் தூக்கி எறிவார், எந்நேரமும் வாயில் பாக்கு. அவர் வந்த முதல் மார்ச்சில் ஸ்டாக் எடுக்கப் போகிறவர்கள் பெயரைப் படித்துவிட்டு, "ஏன் இதுல ஒரு லேடீஸ் பேர்கூட இல்ல?" என்றார். நேராக என் மேஜைக்கு வந்தார். "நீ வர்றியாம்மா?" அவ்வளவுதான். அத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர். "வரேன் சார், ஆனா அங்க லேடீஸுக்கு பாத்ரூம் இல்லீங்க" என்றேன். வேறு யாராக இருந்தாலும் "அப்ப நீ இரும்மா" என்று முடித்திருப்பார்கள். இவர், "கோடவுன் ஆபீஸ் ரூம்ல ஒண்ணு இருக்குதல்ல?" என்று கேட்டார். அது பூட்டியே கிடக்கும், முதலாளி வந்தால் மட்டும் திறப்பார்கள், சாவி செக்யூரிட்டியிடம் இருக்கும் என்றேன். போன் போட்டார். "அந்தச் சாவி இனிமே இந்தம்மா கிட்ட இருக்கும். முதலாளி வந்தா இவங்ககிட்ட வாங்கிக்கட்டும்" என்றார். நான் ரிட்டயர் ஆகும்வரை அது என்னிடம்தான் இருந்தது. பிறகு அங்கே போன எல்லாப் பெண்களுக்கும் நான்தான் திறந்துவிட்டேன்.

அந்த மார்ச்சில்தான் நான் கணக்கில் ஏற்றிக்கொண்டிருந்த சரக்கை முதல்முறையாகக் கண்ணால் பார்த்தேன். பித்தளைச் சீவல் எப்படிக் குவிந்து கிடக்கும், ரிஜெக்ட் ஆன பீஸை எப்படி நல்லதோடு கலந்து அடுக்கிவைப்பார்கள், எல்லாம் பார்த்தேன். தலையெல்லாம் புழுதி, செருப்பு அறுந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? திருவிழாவுக்குப் போன பிள்ளை மாதிரி சுற்றிச் சுற்றி வந்தேன். அந்த வருஷம் பேங்க்காரர்கள் வந்து உட்கார்ந்து சரக்கு மதிப்பைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டபோது, மஞ்சுநாத் சார் பாதியில் பேச்சை நிறுத்தினார். "இத அவங்கதான் நேர்ல பாத்தாங்க. அவங்க பதில் சொல்லட்டும்" என்று என் பக்கம் கையைக் காட்டிவிட்டுத் தண்ணீர் குடித்தார். எது எங்கே, எப்படிக் கிடக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நான் பேசி முடித்த பிறகு பேங்க் அதிகாரி அடுத்த கேள்வியை அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

லீவு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் காஸ்ட் அக்கவுண்டன்சி படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்பெல்லாம் பரீட்சைக்கு லீவு கேட்டால், "இனிமே படிச்சு என்னம்மா பண்ணப்போறீங்க?" என்று ஒரு சிரிப்பு வரும். நாத்தனார் மகளுக்குச் சீமந்தம் என்றால் உடனே கையெழுத்து. அதனால் இல்லாத நாத்தனாருக்கெல்லாம் சீமந்தம் நடத்திவிட்டுத்தான் நான் பரீட்சை எழுதினேன். மஞ்சுநாத் சார் வந்த பிறகு 'பரீட்சை' என்றே எழுதிக்கொடுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, "பாஸாகலேன்னா மறுபடி எழுது, மறுபடி லீவு தரேன்" என்றார். ஊக்கம் என்று பெரிய பெரிய பேச்செல்லாம் பேசுகிறார்கள். எனக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது.

வீட்டில் உன் அப்பா. அவரை நான் புகழ்ந்து எழுதினால் இதைப் படித்துவிட்டு ஒரு வாரம் மிதப்பார். ஆனாலும் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த மனுஷன், மெஷின் ஷாப்பில் ஷிஃப்ட் வேலை. எனக்கு மாதக் கடைசி என்றால் அவர் காலை ஷிஃப்ட்டுக்கு மாற்றி வாங்கிக்கொள்வார். சமைப்பார், உன்னைக் குளிப்பாட்டுவார், ஸ்கூல் மீட்டிங்கில் அம்மாக்களுக்கு நடுவில் உட்கார்ந்து உன் டீச்சரிடம் திட்டு வாங்கிக்கொண்டு வருவார். "பொண்டாட்டி ஆபீசரு, புருசன் அடுப்படியா?" என்று உன் பெரியப்பா வந்து கேட்டபோது, "ஆமாண்ணே. ரசம் நல்லாருக்கா, இன்னும் ஊத்தவா?" என்றார். அவர் உதவி செய்கிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அவருடைய வீட்டு வேலையை அவர் செய்தார்.

எனக்கு ஃபைனான்ஸ் ஹெட் பதவி தரலாம் என்று பேச்சு வந்தபோது மஞ்சுநாத் சார் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். போவதற்கு முன் அவர் என் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் போனார். பிறகு கம்பெனியிலிருந்து ஒரு பெரிய மனிதர் போன் செய்தார். எனக்கு இல்லை, உன் அப்பாவுக்கு. நான் பக்கத்தில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் அந்த ஆள் தேன் ஒழுகப் பேசினார். "சார், உங்க மிஸஸுக்கு ஒரு பெரிய பொறுப்பு குடுக்கலாம்னு இருக்கோம். டூரெல்லாம் இருக்கும். பாவம், குடும்பத்த விட்டுட்டு அவங்களுக்குச் சிரமமாயிருமோன்னு ஒரு யோசனை. உங்களுக்கு ஓகேவா சார்?" எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. உன் அப்பாவுக்குக் கோபமே வரவில்லை. நிஜமாகவே புரியாத ஆள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "ஏன் சார், அவ நம்பர் உங்ககிட்ட இல்லீங்களா?" என்று கேட்டார். "இருங்க, சொல்றேன், எழுதிக்கிறீங்களா?" என்று ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். அந்த ஆள் போனை வைத்ததும் என் போன் அடித்தது. எடுத்தேன், சரி என்று சொன்னேன். பேச்சு அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

இவ்வளவையும் உனக்கு எழுதுவது நான் பட்ட கஷ்டத்தைக் கொட்டித் தீர்க்க இல்லை. ஒரு பெண்ணை மேலே கொண்டுவர என்ன வேண்டும் என்று இனி எந்த மேடையிலும் நீ பேசாதே. ஒரு வேனில் ஒரு இடம், ஒரு பாத்ரூம் சாவி, பரீட்சைக்கு ஒரு லீவு, அவள் இல்லாத ரூமில் அவள் பெயரைச் சொல்ல ஒரு வாய். எல்லாவற்றுக்கும் முன்னால் "வர்றியாம்மா?" என்று ஒரு கேள்வி. ரேணுகா முடியாது என்று சொல்லலாம். சொல்ல அவளுக்கு உரிமை இருக்கிறது. குழந்தையைப் பார்க்க வேண்டும், இந்த வருஷம் வேண்டாம் என்றால் அது அவள் சொன்ன வேண்டாம். அவளுக்குப் பதிலாக நீ சொன்ன வேண்டாம் இருக்கிறதே, அது திருட்டு. நல்ல மனசோடு செய்தேன் என்று திருடன் சொன்னால் விட்டுவிடுவார்களா?

கைக்குழந்தை என்றாயே. மஞ்சுநாத் சார் என் மேஜைக்கு வந்து நின்ற அந்த மார்ச்சில் நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். பால்குடி மறக்காத பிள்ளை. அன்றைக்கு என் நெஞ்சு கட்டிக்கொண்டு, கோடவுன் பாத்ரூமைப் பூட்டிக்கொண்டு பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு வந்து மறுபடி சரக்கு எண்ணினேன். வீட்டில் நீ அப்பா கையால் கேழ்வரகுக் கூழ் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டாயாம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த ரூமில் இருந்த எத்தனையோ பேருக்கு என் பெயரை எடுத்துவிட நீ ஒரு நல்ல காரணமாக இருந்தாய். இன்றைக்கு நீயே ஒரு பெரிய ஆளாகி, இன்னொரு குழந்தையைக் காரணம் காட்டி அதன் அம்மா பெயரை எடுக்கிறாய். இதைப் பார்க்கத்தானா உன்னை வளர்த்தேன் என்று கேட்க எனக்குப் பிடிக்காது, ஆனாலும் கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமை வர இன்னும் நேரம் இருக்கிறது. பிரதீப்பும் நல்ல பையன்தான், அவனோடு எனக்கு ஒரு பகையும் இல்லை. இரண்டு பேரையும் பார், யார் சரி என்று பட்டால் அவர்களைச் சொல். ஆனால் கேட்காமல் எடுத்த பெயரைக் கேட்டுவிட்டுத் திரும்ப வை. வரும் ஞாயிறும் பிதுக்குப் பருப்புக் குழம்புதான், அப்பா இப்போதே கொட்டை பிதுக்க உட்கார்ந்துவிட்டார். நீ வந்தால் சோறு போடுவேன், பிள்ளையைப் பட்டினி போடுகிற அளவுக்கு நான் போகவில்லை. ஆனால் உன் எதிரில் உட்கார்ந்து என்னால் சாப்பிட முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

மாதக் கடைசியில் ஒரு ரூபாய் இடித்தால்கூட எந்த நேரத்திலும் ரேணுகாவைத்தானே கூப்பிடுகிறாய்? இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும், முரளி, அவள் நம்பர் உன்னிடம் இல்லையா?

அம்மா